விசாகன் கொடுத்த குகையும் குருந்தூர்மலைச் செங்கல்லும்

வன்னிக்கு விகாரை பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் யாழ்ப்பாணத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "உனக்கென்ன விசரே? அங்க விகாரை கட்டுறாங்கள் எண்டு சனம் கோட்டுக்கும் வீட்டுக்கும் அலையுது, நீ பாக்கப் போறியோ?" என்றது ஒரு கட்சி. "வன்னியில ஏது பழைய விகாரை? எல்லாம் நேற்று முளைச்சது" என்றது மற்றது. முதற் கட்சியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது கட்சியோடுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம்.

வவுனியா மாவட்டத்தில் பெரியபுளியங்குளம் என்றொரு இடம். அங்கே பாறைக் குகைகளில் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. தொல்லியலாளர் பரணவிதான 1970-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அவை வாசிப்போடு உள்ளன. அவற்றில் ஒன்று, அந்தக் குகை தமிழ வணிகனும் குடும்பத் தலைவனுமான விசாகனுடையது என்று சொல்கிறது. மொழி பிராகிருதம், காலம் கிறிஸ்துவுக்கு முன். அந்த நாளில் இப்படிக் குகையைச் செப்பனிட்டு, மேலே மழைநீர் வழியாமல் வெட்டுவிளிம்பு விட்டுக் கொடுப்பது பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்காகத்தான். ஆக, இந்த வன்னிக் காட்டில் பிக்குமாருக்கு இடம் கொடுத்தவர்களில் ஒரு தமிழ் வியாபாரியும் இருந்திருக்கிறான். என்ன வியாபாரம் செய்தான், எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்பதையெல்லாம் கல் சொல்லவில்லை. பெயரையும் இனத்தையும் தொழிலையும் மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த விசாகனை மனதில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். முதல் நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ். ஏ-9 வீதியால் போகும் எந்த பஸ்ஸும் போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றது. சாரதி இறங்கித் தேங்காய் உடைத்தார், சனம் கச்சான் வாங்கியது. எங்களுக்கு முன்னால் நின்ற கொழும்பு வாகனத்தின் சாரதியும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில்தான் தேங்காய் உடைத்தார். வவுனியாவில் சிநேகிதி வீட்டில் இரவு தங்கி, விடிய அவளுடைய ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டேன். "பின் பிரேக் கொஞ்சம் இழுக்கும், பெற்றோல் பாதிதான் கிடக்கு, நெடுங்கேணி ரோட்டில ஆனை நிக்கும், ஆறு மணிக்குப் பிறகு ஓடாதை." இதுதான் எனக்குக் கிடைத்த பயண வழிகாட்டி. ஒன்றும் பிழையில்லை.

முதலில் வவுனியா தொல்பொருள் நூதனசாலை. ஊர்க்காரர்களே எட்டிப் பார்க்காத இடம் என்று சிநேகிதி சொன்னாள். அவளும் போனதில்லை. உள்ளே கிளிநொச்சிப் பக்கம் எடுத்த சுடுமண் உருவங்கள், பிறகு மன்னார்ச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் சிலைகள். 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. மழையும் வெயிலும் கரைத்து மூக்கும் விரல்களும் மழுங்கிப் போயிருந்தாலும், சீவர ஆடையின் மடிப்பு மட்டும் ஒரு தோளில் தெளிவாகத் தெரிந்தது. நான் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, அங்கே வேலை செய்யும் ஐயா ஒருவர் பக்கத்தில் வந்து, "பிள்ளை ஆராய்ச்சியோ?" என்றார். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "சும்மா பாக்க ஆரும் வாறேல்லை" என்று சிரித்துவிட்டு, அணைத்து வைத்திருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டார். அந்த வெக்கைக்கு அது பெரிய உபசாரம்.

அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வீதியால் ஐந்து கிலோமீற்றர் அளவு போனால் மடுகந்தை. தமிழ் வவுனியா முடிந்து சிங்கள வவுனியா தொடங்குவதை எந்தக் கோடும் காட்டாது, தேத்தண்ணிக் கடைப் பலகைகள்தான் காட்டும். ஒரு குளம், அதன் பக்கத்தில் விகாரை. புத்தரின் பல்லான தந்ததாதுவை அநுராதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் இங்கே வைத்துத் தங்கினார்கள் என்பது ஐதீகம். கலிங்க நாட்டு இளவரசி ஹேமமாலா தன் கூந்தலில் ஒளித்துக் கொண்டுவந்த அந்தப் பல் இலங்கைக்கு வந்தது 4ஆம் நூற்றாண்டில் என்பார்கள். மடுகந்தைக்காரருக்கு இன்றும் அது பெரிய பெருமை.

எனக்குப் பிடித்தது பழைய சிலைமனையின் வாசல். அரைவட்டமான சந்திரவட்டக்கல், அதன் மேல் படிகள், இரண்டு பக்கமும் மகர வாயிலிருந்து வழிந்து இறங்கும் கைப்பிடிக் கற்கள், கீழே காவற்கற்கள். படியில் ஏறுவதற்கு முன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லின் வெட்டுக்குள் மண் அடைந்து, அந்த மண்ணில் எறும்புகள் வரிசை போட்டிருந்தன. மகரத்தின் சுருண்ட மூக்கைப் பார்த்தால் யாருக்கும் நம் கோயில் திருவாசியின் உச்சி நினைவுக்கு வரும். வாசலுக்கு இரண்டு பக்கமும் காவல் நிறுத்தும் வழக்கமும் அப்படித்தான். இதைச் சொன்னால் 'எங்களிடமிருந்து எடுத்தது' என்று ஒருவர் தொடங்குவார், 'இல்லை, எங்களிடமிருந்து' என்று இன்னொருவர் வருவார். சிற்பியின் உளி ஒரு வாரம் கோயிலிலும் அடுத்த வாரம் விகாரையிலும் வேலை செய்திருக்கும் என்று நினைக்க ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறோம்?

முற்றத்து மணலை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, நான் குனிந்திருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். கிட்ட வந்து தமிழில் பேசினார். வவுனியாச் சந்தையில் மரக்கறி விற்ற காலத்துத் தமிழ். மதவாச்சிப் பக்கம் தாயின் ஊராம். பேச்சு குளத்துக்கு வந்தது. அறுவடை முடிந்தால் குளக்கட்டு மரத்தடியில் ஐயநாயக்க தெய்யோவுக்கு முட்டி மங்கல்யம் செய்வார்கள் என்றார். புது முட்டிகளைச் சோடித்து, பூசாரியான கப்புறாளை அவற்றை மரத்தில் ஏற்றிவைக்க, ஊருக்கே பாற்சோறு. குளம் உடையாமல், ஆட்களுக்கு நோய் வராமல் பார்க்கிறவர் அவர்தான். "உங்கட ஆக்களுக்கும் இருக்குத்தானே, ஐயனார்?" என்று என்னைக் கேட்டார்.

இருக்கிறாரே. வன்னியில் ஐயனார் இல்லாத குளக்கட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலை மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், சில இடத்தில் அதுவும் இல்லாமல் மரமே சாமி. முதல் நெல்லில் பொங்கி வைப்பதும், காட்டுக்குத் தேன் எடுக்கவோ விறகுக்கோ போகிறவர்கள் குழை முறித்து வைத்துவிட்டுப் போவதும் இங்கே சாதாரணம். குளம் வெட்டி, குளத்தை நம்பி வாழும் சனத்துக்கு ஒரே பயம், ஒரே தேவை. அதனால் ஒரே தெய்வம். எந்த நல்லிணக்கச் செயலணியும் இந்த ஐயனாரை அழைத்து ஒரு கூட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. சரி, அவர் வரமாட்டார் என்று தெரிந்திருக்கும்.

வெயில் ஏற முன்னே புறப்பட வேண்டியிருந்தது. திரும்பி வவுனியா, ஓமந்தை, புளியங்குளம். அங்கே ஏ-9ஐ விட்டு நெடுங்கேணிப் பாதையில் திரும்பினேன். இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும். ஆனி மாதம் என்பதால் றோட்டோரத்தில் சிறுவர்கள் பாலைப்பழத்தைத் தகரப் பேணியால் அளந்து விற்றார்கள். ஒரு பேணி வாங்கி மர நிழலில் நின்றே தின்றேன். மஞ்சள் நிறம், சர்க்கரையான இனிப்பு, தின்னத் தின்ன உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பூசினால்தான் போகும். விற்ற பையன், "அக்கா, தண்ணியால கழுவாதேங்கோ, இன்னும் ஒட்டும்" என்று எச்சரித்தான். தனியாகப் பயணம் போகிற பெண்ணுக்கு இலவச ஆலோசனை சொல்ல வன்னியில் வயதெல்லை கிடையாது.

நெடுங்கேணிக்குப் பிறகு ஒலுமடுப் பக்கம் திரும்பினால் வெடுக்குநாறிமலை. அன்றைக்கு நான் போகவில்லை. 2023 மார்ச்சில் அங்கே ஆதிலிங்கேசுவரர் கோயில் விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டதும், 2024 சிவராத்திரி இரவில் கும்பிடப் போனவர்களைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மலையிலும் பிராமிக் கல்வெட்டு உண்டு. ஒரு கல்வெட்டு இருந்தால் அந்த இடத்துக்கு அதிர்ஷ்டம் என்றுதான் மற்ற நாடுகளில் நினைப்பார்கள். வன்னியில் ஒரு கிராமத்துப் பாறையில் பழைய எழுத்து கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கிராமத்தார் நித்திரை கொள்வதில்லை.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் வாசலில் நின்று கும்பிட்டு, முள்ளியவளையில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, எருமைத் தயிர். மீனைத் தின்றபடி, விகாரைச் சர்ச்சை இருக்கும் குருந்தூர்மலைக்குப் போகப் போவதைச் சொன்னேன். சித்தி தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தார். "தனியவோ?" பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வெள்ளனப் போட்டு வெள்ளன வா. குமுளமுனையில ஆரும் கேட்டா என்ர பேரைச் சொல்லு" என்றார்.

தண்ணீரூற்றால் திரும்பி, குமுளமுனை தாண்டி, தண்ணிமுறிப்புப் பக்கம் போகப் போக வீடுகள் குறைந்து காடு கிட்ட வருகிறது. 1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு என்று இந்தக் கரையோரமும் உட்புறமும் இருந்த தமிழ்க் கிராமங்கள் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டன. தண்ணிமுறிப்புச் சனமும் அந்த ஆண்டில்தான் எழும்பியது. மலையடியில் வயல் செய்து, மலையில் ஆதி ஐயனாருக்குப் பொங்கியவர்கள் அவர்கள். அந்தப் பின்னணி தெரியாமல் குருந்தூர்மலைக்கு ஏறினால் ஒரு அழகான இடிபாடு தெரியும், அவ்வளவுதான்.

அழகு என்பதில் சந்தேகமில்லை. உச்சியில் நின்றால் கீழே காடு, காட்டுக்கு நடுவே தண்ணிமுறிப்புக் குளம் தகடாக மின்னுகிறது. தூபியின் செங்கல் வட்டத்தைச் செருப்பில்லாமல் சுற்றினேன். கால் சுட்டது. பழைய செங்கல் அகலமானது, விளிம்பு உருண்டு கறுத்துப்போனது. புதுச் செங்கல் கூராக, சிவப்பாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தால் பழையது பொடியாகக் கையில் வருகிறது, புதியது கீறுகிறது. எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பதுதான் இங்கே வழக்கே. 1933-இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே 78 ஏக்கர் தொல்லியல் ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்த இடம் இது. 1895-இல் வன்னி மாவட்டங்கள் பற்றி எழுதிய லூயிஸ் துரையும் இந்த இடிபாடுகளைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே பழைய பௌத்த எச்சம் இங்கே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் பாளியில் உரை எழுதியபோது பயன்படுத்திய பழைய சிங்கள உரைகளில் ஒன்றின் பெயர் குருந்தி. அது இந்தப் பெயருடைய மடத்தில் உருவானது என்பது மரபு.

இந்தப் புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியவர் என்று அவருடைய உரையே சொல்கிறது. அவர் காலத்தை ஒட்டியே பாளியில் எழுதிய புத்ததத்தர் உறையூர்க்காரர், காவிரிக்கரை மடத்தில் இருந்து எழுதியவர். மணிமேகலையைத் தந்த மொழி நம்முடையது. அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கூடிய மாடத்தில், யார் யாருடைய இருக்கை எது என்றுகூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் இருக்க, 'பௌத்தமா, அது அவர்களுடையது' என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எனக்கு விளங்குவதில்லை. 2021-இல் மலையில் வெளிவந்த எண்பட்டைக் கல்லை லிங்கம் என்று ஒரு பக்கமும் தூபியின் உறுப்பு என்று இன்னொரு பக்கமும் பிடித்து இழுத்ததில், இந்த மண்ணில் தமிழ் பேசியவனும் புத்தனைக் கும்பிட்டிருக்கலாம் என்ற பேச்சு எழும்பவே இல்லை. அது இரண்டு பக்கத்துக்கும் வசதியில்லாத பேச்சு.

ஆனால் இதையும் சொல்லாமல் விட்டால் நான் அரைக் கதை சொன்னவள் ஆவேன். 2018-இல் இங்கே சிலை வைக்க வந்தபோது ஊர்ச்சனம் தடுத்து, விஷயம் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜனவரியில் அமைச்சர் ஒருவர் படையினர் புடைசூழ வந்து அகழ்வைத் தொடக்கினார். 2022-இல் புதுக் கட்டுமானத்துக்கு எதிராக நீதிமன்றம் கட்டளை போட்டது. இந்த வழக்கை விசாரித்த நீதவான் 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு விலகி நாட்டை விட்டே போனார். இங்கிருந்து தூரமில்லாத நீராவியடிப் பிள்ளையார் கோயிலில், 2019-இல் நீதிமன்றம் வேண்டாமென்ற பிறகும் தீர்த்தக்கேணிப் பக்கத்தில் ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். இதற்குப் பெயர் தொல்லியல் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுச் செங்கல்லைக் காணி உறுதியாக நீட்டினால், அந்தச் செங்கல்லை அன்போடு பார்க்க அயலவனுக்கு எப்படி மனம் வரும்?

தூபியைச் சுற்றி வெள்ளை உடுப்போடு ஒரு குடும்பம் பூ வைத்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வான் பிடித்து வந்தவர்கள். தாய் என்னைப் பார்த்து, "தனியமத ஆவே?" என்றார், தனியாகவா வந்தாய் என்று. ஓமென்றேன். ஆச்சரியப்பட்டு, பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து நீட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். கணவர் ஆசிரியர் போலப் பேசினார், சரித்திரத்தில் விருப்பம். இவ்வளவு காலமும் காட்டுக்குள் மறைந்து கிடந்த விகாரை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்திலிருந்த சனத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் பெரியபுளியங்குளத்து விசாகனைச் சொன்னேன். "தெமள வெளெந்தெக்?" என்று திருப்பிக் கேட்டார். தமிழ் வியாபாரிதான், குகை கொடுத்திருக்கிறார் என்றேன். தொலைபேசியை எடுத்து அந்த ஊரின் பெயரை என்னிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தோடம்பழம் புளித்தது.

திரும்பும்போது வற்றாப்பளைக்கும் போனேன். நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகை அம்மன். வைகாசிப் பொங்கல் முடிந்த பிறகு போனதால் வீதி வெறுமையாக இருந்தது. பொங்கலுக்கு வந்தால் கால் வைக்க இடமிருக்காது. கரையில் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை வைத்து உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். மாடு மேய்த்த பையன்களிடம் கிழவியாக வந்த அம்மன் விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லையே என்றார்களாம், கடல் நீரை எடுத்து ஊற்று என்றாளாம். பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தபோது தலையெல்லாம் கண்ணாக இருந்ததாம். சின்ன வயதில் இந்த இடம் வரும்போது நான் சித்தியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேன். இதே கண்ணகியைத்தான் சிங்கள ஊர்களில் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்குக் கயவாகு மன்னன் போனான் என்கிறது சிலப்பதிகாரம். அந்த வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான் என்று இரண்டு மொழிக் கதைகளும் ஒத்துக்கொள்கின்றன. கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் காலத்தில் யாருக்கும் கூச்சமாக இருக்கவில்லை போலும்.

இரவு சித்தி வீட்டுத் திண்ணையில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துக்கொண்டு இருந்தோம். தான் கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைச் சித்தி கடைசியில் கேட்டார்: "மலையில என்ன இருக்கு இப்ப?" சொன்னேன். தூபி, செங்கல், குளம் தெரிகிறது என்று. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்ணிமுறிப்பில் சொந்தக்காரர் இருந்தார்களாம். மாட்டு வண்டிலில் போய் இறங்கி, பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறுவார்களாம்.

"அப்பவும் அந்தச் செங்கல் இருந்ததோ சித்தி?"

"இருந்தது பின்ன. அதில இருந்துதானே பொங்கல் திண்டனாங்கள்."

"ஆர் கட்டினது எண்டு சொன்னவையோ?"

"பழைய ஆக்கள் கட்டினது எண்டுவினம். நாங்கள் அதுக்கு மேல கேக்கேல்லை." நுளம்புத்திரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "மாமா ஒருக்கா அதில ஒரு கல்லைப் பேத்து அடுப்புக்கு வைக்கப் போனவர். அப்பாச்சி பேசிப்போட்டா. ஐயனாற்ற இடத்துக் கல்லில கை வைக்காதை எண்டு."